பக்கத்து மிஷின்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் வாய் திறக்கும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தொண்ணூற்றெட்டாம் வருஷம் மார்கழி முழுக்க, தையில் அண்ணன் கல்யாணம் வரும்வரை ராசாத்தாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்று சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இருந்தேன். எல்லாம் இந்த வலது கையால் வந்த வினை.

கையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை பக்கத்தில் அவனோடு உடன்பிறந்தவள் நிற்க வேண்டும். பெண்ணுக்குக் கட்டப்போகிற கூறைச்சேலையைத் தேங்காய் பழத்தோடு ஒரு கூடையில் வைத்து, அதை அவள் வலது கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். சேலையின் ஒரு முனை அண்ணன் கையில் இருக்கும். சீர் நடத்துகிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் செய்ய வேண்டியதைச் செய்து, வாழ்த்துப் பாடி முடிகிற வரைக்கும் கூடையை இறக்கக் கூடாது. கை நழுவிக் கூடை விழுந்துவிட்டால் போச்சு. அந்தக் குடும்பத்தில் மாடு செத்தாலும், கிணறு வற்றினாலும், அன்றைக்கே கூடை விழுந்ததே என்று பேசுவார்கள். என் அண்ணன் அருள்குமாருக்கு நான் ஒருத்திதான் தங்கை. எனக்குப் பதில் நிற்க வேறு ஆளும் கிடையாது, வேறு கையும் கிடையாது.

இனி கை. அதற்குத் தனபால் மாமாவிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் அம்மாவோடு பிறந்த தம்பி. கருமத்தம்பட்டியில் தறிக்குடோன் வைத்திருந்தார். பாதிக் குடோனில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்க, மீதிப் பாதியைச் சுவர் வைத்துத் தடுத்து, ஏசி மாட்டி, கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டார். அமெரிக்காவில் ஏதோ ஒரு நூலகத்தின் பழைய அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், வருஷம், இன்னும் என்னென்னவோ எண்கள். அதையெல்லாம் பிழையில்லாமல் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த என்னைத்தான் மாமா முதலில் கூப்பிட்டார்.

"சும்மாதான கண்ணு இருக்கறே? வந்து கம்ப்யூட்டர் ஓட்டு" என்றார்.

ஓட்டு என்றுதான் சொன்னார். அவருக்குத் தறியும் கம்ப்யூட்டரும் ஒன்றுதான். இரண்டும் நிற்கக் கூடாது.

நான் நன்றாகவே ஓட்டினேன். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை. அந்த அறையில் என் வேகத்துக்கு யாரும் கிடையாது. எனக்கு அடுத்த இருக்கையில் மதிவதனி. சோமனூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் பேசிக்கொண்டே அடிப்பேன், அவள் கேட்டுக்கொண்டே அடிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் தடதடவென்று ஓடும், இந்தப் பக்கம் நாங்கள்.

தீபாவளிக்குப் பிறகு அமெரிக்காக்காரர்கள் ஒரு ப்ளாப்பி அனுப்பினார்கள். அதில் இருந்த சாப்ட்வேரை எல்லா மிஷினிலும் போட்டே ஆக வேண்டும் என்று கூடவே ஒரு பேக்ஸ். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்ச்செல்வன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வேலையில் மும்முரமாக இருக்கிறோம், திடீரென்று திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது. எந்தச் சாவியைத் தட்டினாலும் அசையவில்லை. பச்சையின் நடுவே ஒரு கை வந்து விரல்களை மெதுவாக விரித்தது, மடக்கியது. கையை எடுங்கள், எழுந்து நடங்கள் என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஐந்து நிமிஷம் கழித்துத் தானாகவே பழையபடி ஆனது. அரை மணிக்கு ஒரு தரம் இப்படி. எந்த மிஷின் எப்போது நின்றது என்பதையும் அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். வாரக் கடைசியில் நாங்கள் அடித்ததோடு சேர்த்து அதையும் அனுப்ப வேண்டும்.

முதல் நாள் கொண்டாட்டம்தான். எல்லோரும் ஒட்டுக்காக எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். தறிப் பக்கத்திலிருந்து தறி ஓட்டுகிற கண்ணையா எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, அங்கத்தாள கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். உள்ளே போனார். அத்தனை திரையும் பச்சையாக நிற்க, நாற்காலியெல்லாம் காலியாகக் கிடந்தது.

"அட கெரகமே! இதென்ன, ஊடு ஊடா எளவு உழுந்தாப்பல ஒருத்தரையும் காணம்?"

சொன்னோம். மாமா கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. மாமா கெட்டவர் கிடையாது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர் தறிப் பக்கம் போய்க் கதவோரம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தறியில் நூல் அறுந்து நின்றால் தறிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார், அடுத்த தறிக்குப் போய்விடுவார். கண்ணையா அப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே புது மிஷின்கள் வந்து இறங்கின. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு மிஷின். எங்கள் நாற்காலிகளையும் மாற்றி, மாமா சக்கரம் வைத்ததாகப் போட்டார். என் மிஷினும் மதிவதனியின் மிஷினும் ஒரே நேரத்தில் பச்சையாகாதபடி தமிழ்ச்செல்வன் நேரத்தை மாற்றி வைத்தார். என்னுடையது பச்சையானால் நான் நாற்காலியை நடு மிஷினுக்கு உருட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது அவளுடையது பச்சையாகும், அவள் உருட்டிக்கொள்வாள்.

"ஒண்ணு நின்னா இன்னொண்ணு. தறிக்காரன் ஊட்டுப் புள்ளைகளுக்கு இதச் சொல்லித் தரோணுமா?" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. தெரியவே தெரியாது, ஏனென்றால் எங்கள் ஒவ்வொருத்தர் வீட்டிலும் யாராவது ஒருவர் அப்படித்தான் வேலை செய்தார்கள். என் அம்மா பழனியாத்தாள் கல்யாணத்துக்கு முன்னால் இதே குடோனில் நான்கு தறி பார்த்தவள். நான் வீட்டுக்கு வந்து சொன்னதும், "என்ற தம்பிக்கு மூளையப் பாரு!" என்று பூரித்துப்போனாள்.

அமெரிக்காவுக்குப் போன குறிப்பில் எல்லா மிஷினும் ஒழுங்காக ரெஸ்ட் எடுத்திருந்தன. ரொம்ப சந்தோஷம், இவ்வளவு சரியாக வேறு எவரும் கடைப்பிடிப்பதில்லை என்று பதில் பேக்ஸ் வந்தது. மாமா அதைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். செவ்வாய் வெள்ளியில் சாமி படத்துக்குப் பூ வைக்கும்போது அதற்கும் ஒரு துண்டு வைத்தார்கள். பச்சைத் திரையில் அந்தக் கை பாட்டுக்கு விரலை விரித்து மடக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து மிஷினில் நான் அடித்துக்கொண்டிருப்பேன்.

கார்த்திகை பிறந்தபோது கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. கையை உதறினால் போய்விடும். நான் உதறிவிட்டு அடித்தேன். பிறகு உதறினாலும் போகவில்லை. விடிகாலையில் கை வலித்து எழுப்பிவிடும். டம்ளர் நழுவியது. பூவைத் தலையில் வைத்துக் கொண்டை ஊசி குத்த முடியவில்லை. "எங்க புள்ள உன்ற புத்தி போவுது?" என்று அம்மா திட்டினாள். ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏதோ தீயும் வாசம் வந்தது. தோசை தீய்கிறதோ என்று குனிந்து பார்த்தால், என் ஆள்காட்டி விரல் கல்லின் மேல் இருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் என்னைப் பயமுறுத்தியது.

மதிவதனியிடம் சொன்னேன். அவள் தன் வலது கையை உதறிக் காட்டினாள். அவளுக்கு எறும்பு ஊர்கிற கட்டம்.

"ஆர்.எஸ்.புரத்துல நரம்பு டாக்டர் ஒருத்தரு இருக்கறாருங்க்கா. எங்க பெரியம்மா அங்கதான் போச்சு. நாம போலாமுங்க்கா" என்றாள்.

ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனோம். டாக்டர் ரசாக் வயசானவர். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். என் மணிக்கட்டைத் தட்டினார், மடக்கினார்.

"கம்ப்யூட்டர் வேலையாம்மா? நடுவுல ரெஸ்ட் எடுக்கறீங்களா?"

"எங்க கம்பெனில அதுக்குன்னே சாப்ட்வேர் இருக்குதுங்க டாக்டர். அரை மணிக்கு ஒருக்கா மிஷின் நின்னுபோயிரும்."

"பரவாயில்லையே. நம்ம பக்கத்துல அப்படி ஒரு கம்பெனியா! சரி, நின்னதும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்து மிஷினுக்குப் போயிருவமுங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை டாக்டர் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், மதிவதனியைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. காது சிவந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"கண்ணை மூடும்மா" என்றார். மூடினேன். "கையில ஒண்ணு வெச்சிருக்கேன். என்னன்னு சொல்லு."

"இன்னும் வெக்கவே இல்லீங்களே."

"கண்ணைத் திற."

என் விரல்களுக்கு நடுவில் அவருடைய ஸ்கூட்டர் சாவி இருந்தது. நான் பார்த்ததும் விரல்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

"பாத்தியா? இப்ப உன் கைக்கு உன் கண்ணுதான் வேலை செய்யுது. கண்ணு பாக்கற வரைக்கும் புடிக்கும். பாக்கலேன்னா விட்டுரும், விட்டதும் உனக்குத் தெரியாது. மணிக்கட்டுல நரம்பு நசுங்கிக் கெடக்குது. இந்தப் பட்டையைக் கட்டிக்க. டைப் அடிக்கறத உடனே நிறுத்து. இப்பவே நிறுத்துனா உணர்ச்சி திரும்பறதுக்கு வழியிருக்கு. இப்படியே ஓட்டுனா ஆபரேஷன் பண்ணாலும் நான் உறுதி சொல்ல மாட்டேன்."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அண்ணனும் கூடையும்தான். அழுகையாக வந்தது. மதிவதனி என் பையையும் சேர்த்து இடது கையில் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நேராக மாமாவிடம் போனேன். பட்டை கட்டிய கையைக் காட்டி, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வேலையிலிருந்து நிற்கிறேன், கல்யாணம் முடிந்து கை சரியான பிறகு வருகிறேன் என்றேன். மாமா பதறித்தான் போனார். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுளுக்காட்டத்தான் இருக்கும் கண்ணு. நல்லெண்ணெய் காய்ச்சித் தேச்சு உடச் சொல்லு. பொங்கலுக்குள்ள முடிச்சுத் தாரேன்னு அமெரிக்காக்காரன்ட்டச் சொல்லிப்போட்டேன். நீ நின்னீன்னா உன்றளவுக்கு அடிக்க நான் எங்க போவேன்? சாப்ட்வேருந்தான் இருக்குதே. இங்க பாரு, ஒரு மிஷின் உடாம ரெஸ்ட் எடுத்துருக்குது."

"மிஷின் எடுத்துச்சுங்க மாமா. நாங்க எடுத்தமா?"

"அதெப்படி கண்ணு, மிஷின் நின்னா வேல நின்ன மாதிரிதான?"

எனக்கு வாய் திறந்துவிட்டது. என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. நீங்கள் தறியைப் பார்த்த கண்ணோடு எங்களைப் பார்க்கிறீர்கள் என்றேன். கண்ணாடி போட்ட அந்தப் பேக்ஸை எடுத்து அடுப்பில் போடுங்கள் என்றேன். அறையில் எல்லோரும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மாமா முகம் கறுத்துப்போய் எழுந்து தறிப் பக்கம் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தாய்மாமன் மனச நோகடிச்சுப்போட்டு வந்து நிக்கறியே, உனக்கு அறிவிருக்குதா? அவன் மொகத்தைத் திருப்பிக்கிட்டு கல்யாணத்துக்கு வராமப் போனா சபைல யாரு புள்ள நிப்பா? தாய்மாமன் மொறைக்கு உங்கண்ணன் நெத்தியில பட்டம் கட்டறது யாரு, உங்கொப்பனா எந்திரிச்சு வரப்போறாரு?"

அப்பா இறந்து வெகுகாலமாகிறது. அம்மா அவரை இழுத்தாள் என்றால் பேச்சுக்கு மேல் பேச்சு இல்லை என்று அர்த்தம்.

"கை மரத்துப்போச்சும்மா. தோசைக்கல்லுல சுட்டதுகூடத் தெரியிலே."

"நாலு தறி பாத்தனே, எனக்கு மரக்கலியா? இன்னும் மரத்துத்தான் கெடக்குது. அதுக்கு ஊரக் கூட்டுனனா?" அம்மா தன் கையை முகத்துக்கு நேராக நீட்டினாள். விரல்கள் முழுதாக நிமிரவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். "தை வரைக்கும் பொறுத்துக்க சாமி. பொண்ணூட்டுக்காரங்க காதுக்கு எட்டுச்சுன்னா, கை வெளங்காத புள்ளைய வெச்சு இணைச்சீர் பண்றாங்கன்னு பேசுவாங்க. கல்யாணம் முடியட்டும், நானே டாக்டர்கிட்டக் கூட்டீட்டுப் போறேன்."

மறுநாள் வேலைக்குப் போனேன். மாமாவிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் அதற்கென்றே காத்திருந்த மாதிரி, "அட உடு கண்ணு" என்று எனக்கு ஒரு டீ வாங்கி வர ஆள் அனுப்பினார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். இப்படித்தான் என் வாய் மூடியது. பட்டையை வீட்டில் தூங்கும்போது மட்டும் கட்டிக்கொண்டேன். மார்கழி பூராவும் அடித்தேன். என் மிஷின் பச்சையாகும்போதெல்லாம் திரையில் விரல் மடக்குகிற அந்தக் கையைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். நீ நல்லா இரு தாயி என்று வைதுவிட்டு நாற்காலியை உருட்டுவேன்.

வீட்டில் ஒருத்தரும் இல்லாதபோது கூடை பிடித்துப் பழகினேன். ஒரு கூடையில் இரண்டு தேங்காயும் அம்மாவின் பட்டுச்சேலையும் வைத்து, வலது கையில் ஏந்திக்கொண்டு நிற்பேன். கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரமும் பிடிக்க முடிந்தது. ஒரு தரம் வாசலில் யாரோ "ஏனுங்க" என்று கூப்பிடத் திரும்பினேன். தேங்காய் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அதோடு தீர்மானம் பண்ணிவிட்டேன். கல்யாணத்தன்று யார் கூப்பிட்டாலும், எந்தச் சாமி வந்தாலும், கண்ணை எடுக்கப் போவதில்லை.

கல்யாணம் காங்கேயத்தில், பெண் ஊர் மண்டபத்தில். பெண் லோகப்பிரியா. அவள் அப்பாவுக்கு எண்ணெய் மில். விடியற்காலையிலேயே மண்டபம் நிறைந்துவிட்டது. மாமா பட்டு வேட்டியில் முன்னால் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனிப் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அம்மா என்னை அறைக்குள் இழுத்து, மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். பட்டை இல்லை என்று நிச்சயமானதும் இரண்டு கை நிறைய வளையல் போட்டுவிட்டாள். நான் மேடைக்குப் போகும் வழியில் மதிவதனி என் முந்தானையைச் சரி செய்வது மாதிரி குனிந்தாள்.

"கண்ணை மட்டும் மூடீராதீங்க்கா" என்றாள்.

அருமைக்காரர் ஐயாசாமி கூடையை எடுத்து என் கையில் வைத்தார். கூறைச்சேலையின் முனையை உருவி அண்ணனிடம் கொடுத்தார். நான் குனிந்த தலை நிமிரவில்லை. கட்டை விரல் கூடையின் விளிம்பில் இருக்கிறது. மற்ற விரல்கள் அடியில் இருக்கின்றன. பார்த்துக்கொண்டேயிருந்தேன். பெண் பக்கத்து அம்மாக்கள், "மாப்பிள்ளை தங்கச்சிக்கு எவ்வளவு அடக்கம், தலை நிமிரவே இல்ல பாருங்க" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை, சிரித்தால் கண் சுருங்கும்.

"கண்ணை மூடிக் கொலதெய்வத்த நெனைச்சுக்குங்க அம்மணி" என்றார் ஐயாசாமி.

அண்ணன் மூடினான். நான் மூடவில்லை. சாமி கோபித்துக்கொண்டால் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விரல்களையே பார்த்தேன். சாம்பிராணிப் புகை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வாழ்த்துப் பாட ஆரம்பித்தார்கள். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது அண்ணன் தலையைச் சாய்த்து என் காதோரம் மெதுவாகக் கேட்டான்.

"ராசா, கை வலிக்குதா கண்ணு?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது. ரொம்ப நேரமாக ஏந்திக்கொண்டு நிற்கிறாளே என்று கேட்டான், அவ்வளவுதான். ஆனால் கார்த்திகையிலிருந்து எங்கள் வீட்டில் ஒருத்தர் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் இல்லை என்று தலையாட்ட நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கூடை கலங்கியது, விரல்கள் கலங்கின, எது கை எது சேலை என்று தெரியவில்லை. இமைத்தால் தண்ணீர் போய்விடும், ஆனால் இமைக்கப் பயம். இமைத்தேன்.

கூடை போனது எனக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

தேங்காய் உருண்டு மேடையிலிருந்து கீழே விழுந்தது. கூறைச்சேலை பாதி அண்ணன் கையிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தது. பாட்டு நின்றுவிட்டது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தா, உட்டுப்போட்டாளே" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு பல குரல்கள். பெண்ணின் அப்பா எழுந்து நின்றார்.

மாமாதான் முதலில் மேடைக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை, சமாதானப்படுத்தத்தான் வந்தார்.

"ஏங்கண்ணு, கை அசந்துச்சுன்னா சித்த அந்தக் கைக்கு மாத்திருக்கலாமில்ல? மாத்தறதுக்கு என்ன?"

என் காது சிவந்தது எனக்கே தெரிந்தது. அம்மா தூரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். தை வந்துவிட்டது, அம்மா. நான் பொறுத்தாயிற்று.

"மாத்தி மாத்தித்தானுங்க மாமா இப்படி ஆச்சு. உங்கள்ட்ட ரெண்டு மிஷின் இருக்குது. எனக்கு ஒரு கைதானுங்க இருந்துச்சு. நான் கூடைய உடலீங்க. அது போனதே எனக்குத் தெரியாதுங்க. இந்தக் கைல உசுரு இல்லீங்க மாமா."

மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறேன். மாமா எங்கோ பார்க்க வேண்டுமே என்று கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் எங்கள் கம்பெனிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காபி கொடுத்திருந்தார்கள். மதிவதனியும் அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் குனிந்தான். தரையில் கிடந்த கூடையை அவனே எடுத்தான். சேலையைத் தட்டி மடித்து உள்ளே வைத்தான்.

"மாப்பிள்ளை கூடையத் தொடக் கூடாதுங்க, அது மொறையில்லீங்க" என்றாள் பெண் வீட்டு அம்மா ஒருத்தி.

"தொடறேனுங்க" என்றான் அண்ணன். என் வலது கையைத் தூக்கி, அதில் கூடையை வைத்து, என் கைக்கு அடியில் தன் கையையும் கொடுத்தான். "நான் புடிச்சுக்கறேன் கண்ணு. நீ பாட்டுக்கு நில்லு. நீங்க பாடுங்கையா."

ஐயாசாமி கொஞ்சம் தயங்கினார். பிறகு விட்ட இடத்திலிருந்து வாழ்த்து தொடங்கியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். அண்ணன் என் விரல்களை அவனுடைய விரல்களோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான், நகம் வெளுக்கிற அளவுக்கு. அவன் பிடித்திருக்கிறான் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.